கால்வாய் மூடும் வாரத்தில் சென்ட்-ஆன்

டொராண்டோவில் தம்பி வீட்டுக்கு வந்திருந்த என்னை மாண்ட்ரியலுக்கு அனுப்பிவைத்தவள் சென்னையில் இருக்கும் என் பள்ளித்தோழி கல்யாணி. அவள் மகள் மதுவுக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெயர் அருள். தர்மபுரிக்காரர். வேளாண்மை படித்து, மேல்படிப்புக்கு வந்த இடத்திலேயே வேலையில் அமர்ந்துவிட்டவர். கல்யாணி கைப்பேசியில் வரைபடம் பார்த்திருக்கிறாள். அதில் டொராண்டோவுக்கும் மாண்ட்ரியலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான்.

"இத்தனை வருஷம் பேப்பர்ல வேலை பாத்திருக்க சரோ. ஒரு ஆளைப் பாத்தா எடை போட்டுட மாட்டியா?" என்றாள்.

அவள் கேள்விகள் தெளிவாக இருந்தன. குடிப்பானா, வீடு சொந்தமா, தலைமுடி புகைப்படத்தில் இருப்பதுபோலத்தானா. நல்ல செய்தி ஆசிரியர்கூட நிருபரை இவ்வளவு தெளிவாக அனுப்பமாட்டார்.

மாண்ட்ரியலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் தங்கினேன். இலங்கையிலிருந்து வந்து, வளசரவாக்கத்தில் எங்கள் மாடியில் ஒரு காலத்தில் குடியிருந்த பத்மா, இப்போது அங்கே இரண்டாவது மாடியில் இருக்கிறாள். அந்தத் தெருவில் மாடிப்படிகள் எல்லாம் வீட்டுக்கு வெளியே தொங்குகின்றன. இரும்புப் படிகள், தெருவிலிருந்து வளைந்து நேராக மாடிக் கதவுக்குப் போகின்றன. பனி கொட்டும் நாட்டில் படியை ஏன் வெளியே வைத்தார்கள் என்று கேட்டேன்.

"உள்ளுக்கை வச்சால் இடம் காணாது எண்டு வெளியில வச்சிருக்கிறாங்கள் அக்கா. இடம் மிச்சம் அவங்களுக்கு, இடுப்பு முறியிறது எங்களுக்கு" என்றாள் பத்மா.

இடியப்பமும் சொதியும் வைத்தாள். சொதியில் எலுமிச்சை விட்டதும் சமையலறை முழுக்க வெளிச்சமானதுபோல் இருந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அப்ப ஆள் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கோப்பையை என்ன செய்யிறார் எண்டு பாருங்கோ. மேசையில விட்டால் தாய் வளத்த பிள்ளை. கழுவி வச்சால் தனிய இருந்து பழகின பிள்ளை."

"எது நல்லது?"

"ரெண்டும் கரைச்சல்தான்."

பிறகு எங்கே வேலை என்று கேட்டாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்றேன். பத்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது மொன்றியல் இல்லையக்கா. மொன்றியலின்ரை வால். தீவு முடியிற இடம். நாங்கள் கோடையில பிள்ளையளோட அங்கை ஐஸ்கிரீம் குடிக்கப் போறனாங்கள். அங்கை ஆக்கள் குடியிருக்கினமோ எண்டு நான் யோசிச்சதே இல்லை."

மறுநாள் வெள்ளிக்கிழமை. டவுன்டவுனையும் பழைய துறைமுகத்தையும் தனியாகச் சுற்றினேன். இந்த ஊர் மெட்ரோ ரப்பர் சக்கரத்தில் ஓடுகிறது. நம் ரயிலின் கடகட இல்லை, யாரோ நீளமாகப் பெருமூச்சு விடுவதுபோல் வந்து நிற்கிறது. கல் பாவிய தெருக்களில் சுற்றுலாப் பயணிகள் ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அழகு. எல்லாம் ஏற்கெனவே பார்த்ததுபோலவும் இருந்தது.

சனிக்கிழமை காலை ரயிலில் சென்ட்-ஆனில் இறங்கினேன். நடைமேடையில் ஒரே ஒரு தமிழ் முகம். கல்யாணியின் கேள்விகளில் ஒன்றுக்கு அங்கேயே விடை கிடைத்தது. என் பார்வை போன இடத்தை அருள் கவனித்துவிட்டார்.

"பழைய போட்டோ ஆன்ட்டி. மாத்தலாம்னா அம்மா விடல" என்று நெற்றியைத் தடவிக்கொண்டார்.

வெயில் அடித்தது. மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. முக்கியத் தெரு ஒன்றே ஒன்று. அதன் முதுகுப்பக்கம் முழுவதும் தண்ணீர். முதலில் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். சாம்பல் கல் கட்டடம், வெள்ளி நிறக் கோபுரம். காட்டு விலங்குத் தோல் வியாபாரம் நடந்த காலத்தில் படகு வலிப்பவர்கள் மேற்கே காட்டுக்குள் போகுமுன் இங்கே இருந்த கோயிலில்தான் கடைசியாக மண்டியிட்டுவிட்டுப் போவார்களாம். இதற்கு மேல் தீவு இல்லை, கோயிலும் இல்லை.

"தொப்பூர் கணவாய் இறங்கறதுக்கு முன்னாடி லாரிய நிறுத்தி முனியப்பனுக்குச் சூடம் காட்டுவாங்கல்ல, அதேதான்" என்றார் அருள்.

உள்ளே ஒரு பெண் மட்டும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். மரப் பலகையில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்குப் பின்னால் மெதுவாக வந்தது.

அங்கிருந்து ஒரு தோல் வியாபாரி வாழ்ந்த பழைய கல்வீட்டைத் தாண்டிக் கால்வாய்க்குப் போனோம். சென்ட்-ஆனுக்கு வருபவர்கள் பார்க்க வருவது இதைத்தான். இரண்டு ஏரிகள் இங்கே சந்திக்கின்றன. மேல் ஏரி கீழ் ஏரியைவிட ஏறக்குறைய இடுப்பளவு உயரம். நடுவே கல் சுவர் எழுப்பி, இரு முனையிலும் கதவு போட்டு, தண்ணீரை நிரப்பிப் படகை மேலேற்ற ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். படகுகள் உள்ளே வருகின்றன. பின்கதவு சாத்தப்படுகிறது. பிறகு எதுவுமே நடப்பதில்லை. அப்படித்தான் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், சற்றுமுன் என் கால்மட்டத்துக்குக் கீழே படகில் இருந்த பெண்மணியின் முகம் என் முட்டிக்கு வந்திருக்கிறது. அவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே உயர்கிறார். நாய் உயர்கிறது. காயப்போட்ட துண்டு உயர்கிறது. யாரும் எதுவும் செய்யவில்லை. சத்தம் இல்லை. சுவரில் ஈரக்கோடு மட்டும் மெல்ல மறைகிறது. தூக்கத்தில் மாடி ஏறுவதுபோல் இருந்தது. முன்கதவு திறந்ததும் எல்லோரும் கையசைத்தபடி அடுத்த ஏரிக்குப் போனார்கள்.

பக்கத்துப் பெஞ்சில் ஒரு முதிய தம்பதி பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். அருள் எனக்குத் தணிந்த குரலில் மொழிபெயர்த்தார்.

"பச்சைப் படகு போயிடுச்சான்னு கேக்கறார். காலையிலயே போச்சு, நீங்க தூங்கிட்டு இருந்தீங்கன்னு அந்தம்மா சொல்றாங்க. அப்ப இந்த வருஷம் முடிஞ்சுதுன்னு இவர் சொல்றார்."

"என்ன முடிஞ்சது?"

"கால்வாய் ஆன்ட்டி. திங்கட்கிழமையோட மூடறாங்க. திரும்ப மே மாசம்தான்."

மரப்பலகை நடைபாதையில் உணவகங்கள் வரிசையாகத் திறந்திருந்தன. வறுத்த உருளைக்கிழங்கின் மேல் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுச் சுடச்சுடக் குழம்பு ஊற்றிய 'பூத்தின்' என்ற பண்டம் ஒரு தட்டு சாப்பிட்டோம். முதல் வாய்க்கு இது என்ன கூத்து என்று தோன்றியது. பாதித் தட்டில், ஞாயிற்றுக்கிழமை மதியம் மீந்த குழம்பில் வற்றலை நனைத்துத் தின்பதன் நியாயம் புரிந்தது. அருள் ஒரு பீர் வாங்கினார். என்னைப் பார்த்துவிட்டு, "கேட்டிருப்பாங்க. குடிப்பேன்னே சொல்லிடுங்க" என்றார்.

நான் படம் எடுக்க ஆரம்பித்தேன். கால்வாய், படகு, சிவப்பு மரம், ஐஸ்கிரீமோடு ஒரு குழந்தை. கல்யாணிக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். அருள் முகம் மாறியது.

"இத அனுப்பாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ்."

ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் ஆச்சு. பொண்ணோட அண்ணன் போன வருஷம் ஜூலையில வந்து பாத்தார். இதே பெஞ்சு. படகு, பூவு, பாட்டு எல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினார். சொர்க்கம்னு சொன்னார். என்னப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சாங்க. குடி, கடன், சம்பளம் எல்லாம். ஊரப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. ஜனவரில அந்தப் பொண்ணு வீடியோ கால்ல, ஜன்னலக் காட்டுங்கன்னு கேட்டுச்சு. காட்டினேன். வெள்ளையா இருந்துச்சு. தெருவுல ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் எங்கன்னு கேட்டுச்சு. இவ்வளவுதான்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நிச்சயம் முடிஞ்ச பிறகு."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. ஜூலையக் காட்டி ஜனவரில குடித்தனம் பண்ணக் கூப்பிட்டா யார் வருவா? இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா நான் அதோட விட்டுடுவேன் ஆன்ட்டி. கல்யாணமே வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். நீங்க செவ்வாய்க்கிழமை ஒரு தரம் வாங்க. மழைன்னு போட்டிருக்கான். கால்வாயும் மூடியிருக்கும். அதப் பாத்துட்டு எழுதுங்க."

எழுதுங்க என்றுதான் சொன்னார். நான் செய்தியாளர் என்று யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெடியன் சொல்லுறது சரிதான். எங்களுக்கும் பெம்பிளை எடுக்கேக்கை, கொடுக்கேக்கை, ஆளைத்தான் துருவுறது. எந்த ஊர், எந்தத் தெரு, மாரிக்குளிருக்கை என்ன மாதிரி எண்டு கேக்கிறதில்லை. நான் வந்த முதல் மாரிக்கு யன்னலைத் திறக்காமலே அழுதுகொண்டிருந்தனான். ஆள் நல்ல மனிசன்தான். அதால என்ன?"

அவள் கணவர் அப்போது வரவேற்பறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிச் சத்தம் சற்றுக் குறைந்ததை நான் கவனித்தேன்.

கல்யாணியின் குரல்செய்திகள் ஞாயிறும் திங்களும் குவிந்தன. படம் எங்கே, ஆள் எப்படி, ஏன் பதில் இல்லை. இன்னும் வேலை முடியவில்லை என்று மட்டும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ரயில் நேரம் ஒத்துவராததால் பேருந்தில் போனேன். மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. நிறுத்தம் வந்தால் நிற்கும் என்று உட்கார்ந்திருந்தேன். ஜன்னலோரக் கயிற்றை இழுக்க வேண்டும் என்று பத்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மறந்துபோனேன். நாற்பது வருடம் நடத்துநரின் விசிலுக்குப் பழகிய உடம்பு. தேவாலயக் கோபுரம் ஜன்னலில் வந்தது, போனது. ஓட்டுநர் என்னை இறக்கிவிட்டபோது இரண்டு பக்கமும் வயல்.

அது அருள் படிக்க வந்த பல்கலைக்கழகத்தின் வேளாண் வளாகத்தைச் சேர்ந்த நிலம். அறுவடையான சோளத்தட்டைகள் வரிசையாக நின்றன. தூரத்தில் செங்கல் கட்டடங்கள், சிவந்த ஓடுகள். புளித்த தீவனத்தின் வாசம். மாடுகள் மழையில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தன. மதிய வேளை, ஆனால் விளக்கு வைக்கும் நேரம்போல் இருந்தது. ரப்பர் காலணி போட்ட ஒரு பெண் நாயோடு வந்தாள். வழி கேட்டேன். "இந்த வேளையில் இங்கே யாரையும் பார்த்ததில்லை. நீங்கள் நிஜமா என்று யோசித்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஊர் எல்லைவரை கூடவே நடந்து வந்தாள்.

முக்கியத் தெருவில் அருள் குடையோடு காத்திருந்தார். மூன்று நாளில் ஊரை யாரோ மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நாற்காலிகள் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. ஐஸ்கிரீம் கடையில் பலகை அடித்திருந்தார்கள். கால்வாயில் படகு இல்லை, மனிதர்கள் இல்லை. மூடிய கதவுகளுக்கு நடுவே தண்ணீர் கறுப்பாக நின்றது. அதில் மேப்பிள் இலைகள் ஒட்டியிருந்தன. எங்கள் தலைக்கு மேலே பாலத்தில் ஒரு சரக்கு ரயில் போக ஆரம்பித்து, போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்த பிறகு வந்த அமைதி, அதற்கு முன் இருந்த அமைதியைவிடப் பெரியது.

திறந்திருந்த ஒரே உணவகத்தில் பட்டாணி சூப் குடித்தோம். பரிமாறிய பெண் அருளுக்குத் தெரிந்தவள். உங்கள் அம்மாவா என்று கேட்டாள். இல்லை, இன்ஸ்பெக்டர் என்றார் இவர். அவள் என் பக்கம் திரும்பி, "சமையலறையையும் பார்க்கிறீர்களா? ஆனால் எதையாவது மூடச் சொல்வதென்றால் இவரைத்தான் முதலில் மூட வேண்டியிருக்கும்" என்றாள். பிறகு கேட்காமலே இன்னொரு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்தாள்.

அருளின் வீடு ஒரு கடைக்கு மேலே. வாடகை வீடு. ஒற்றை ஜன்னல் கால்வாயைப் பார்த்துத் திறக்கிறது. தேநீர் போட்டார். குடித்து முடித்துத் தன் கோப்பையைக் கழுவினார். என்னுடையதை அப்படியே விட்டுவிட்டார். இதைப் பத்மாவிடம் எப்படி விளக்குவது என்று யோசித்தபடி நானே கழுவினேன்.

"டொராண்டோ போகலாமே. அங்க உங்க படிப்புக்கு வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. வரப்போறவங்களுக்கு இங்க முடியலைன்னா போகத்தான் வேணும். போவேன். ஆனா எனக்கு இங்கதான் பிடிச்சிருக்குன்றத மறைச்சு வச்சுக் கல்யாணம் பண்ண முடியாது."

"அப்படி என்ன இருக்கு?"

ஜன்னலைக் காட்டினார். "சொன்னா சிரிப்பீங்க. நான் தண்ணி லாரிக்குக் குடத்தோட நின்னு வளந்தவன் ஆன்ட்டி. எங்க தெருவுல குடத்தாலயே மண்டைய உடைச்சிருக்காங்க. எங்க அக்கா நெத்தியில இன்னும் தழும்பு இருக்கு. இங்க காலையில எந்திரிச்சா ரெண்டு ஏரி. யாரும் அடிச்சுக்கல. பனி விழுந்தாலும் அடியில ஓடிட்டேதான் இருக்கு. எனக்கு அது போதும்னு தோணுது. இன்னொருத்தருக்கு அது போதணும்னு நான் எப்படிச் சொல்ல?"

நான் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். மழை ஏரியின் மேல் ஒரு திரைபோல நகர்ந்து போனது. இருட்டத் தொடங்கியதும் அவர் என்னை ரயிலில் ஏற்றிவிட்டார்.

புதன்கிழமை காலை, சென்னையில் மாலையாக இருக்கும்போது, கல்யாணியை விட்டுவிட்டு மதுவை அழைத்தேன். வரன் விசாரிக்கப் போனவர்கள் பெண்ணிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. அவளும் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"என்ன பெரிம்மா, எனக்குப் போன் பண்றீங்க? அம்மா கீழ இருக்காங்க. நான் மொட்டை மாடில இருக்கேன்."

அங்கேயே இரு என்றேன். எதை எந்த வரிசையில் பார்த்தேனோ அப்படியே சொன்னேன். சனிக்கிழமையின் ஊரைச் சுருக்கமாக. செவ்வாய்க்கிழமையின் ஊரை விரிவாக. முறிந்த நிச்சயத்தை. ஜன்னலை. அவர் சொன்ன காரணத்தை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே. மது குறுக்கே கேட்டதெல்லாம் சின்னக் கேள்விகள்.

"எத்தனை கடை தெறந்திருந்துச்சு?"

"ஒண்ணு."

"ஜனங்க?"

"நாயோட ஒரு பொண்ணு. சாப்பாட்டுக் கடைல ரெண்டு பேர்."

"சத்தம்?"

"ரயில். மழை."

அவள் பக்கம் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வருவதற்கான இசையை ஒலித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. அது ஓயும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"உங்களுக்கு அந்த ஊர் பிடிச்சுதா பெரிம்மா?"

"சனிக்கிழமை பிடிச்சது. செவ்வாய்க்கிழமைய நினைச்சா சொல்லத் தெரியல."

"அப்ப உங்கள வச்சு நான் முடிவு பண்ண முடியாது." பிறகு கேட்டாள். "அங்க இருக்கறதுலயே மோசமான மாசம் எது?"

"பிப்ரவரின்னு பத்மா சொல்றா."

"சரி. வீசா கெடச்சா பிப்ரவரில நானே வந்து பாக்கறேன். அதுவரைக்கும் அவர் வேற இடம் பாக்கறதா இருந்தா பாக்கட்டும், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். அவர்கிட்ட சொல்லிடுங்க. அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

கல்யாணி நெடுநேரம் கத்தினாள். பெண் போய் மாப்பிள்ளையைப் பார்ப்பது எந்த ஊர் வழக்கம், ஜனங்கள் என்ன சொல்வார்கள், உன்னை அனுப்பினேனே என்னைச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கிய பிறகு, "குடிப்பானா இல்லையா? அதையாவது சொல்லு" என்றாள். பீர் என்றேன். "பீர்தானே" என்றாள். தலைமுடியைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டாள். நானும் நினைவுபடுத்தவில்லை.

பத்மாவோ, "வரட்டும், இஞ்சை வந்து நிக்கட்டும். நான் இருக்கிறன்" என்றதோடு நிறுத்திக்கொண்டு, எந்த அறையை ஒழிப்பது என்று பார்க்கப் போய்விட்டாள்.

அருளுக்கு மது சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார் என்று கைப்பேசி காட்டியது. ஏதோ எழுதத் தொடங்கினார், நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். நான் பெட்டியை அடுக்கி முடிக்கும்வரை பதில் வரவில்லை. சாயந்திரம் டொராண்டோ ரயிலில் உட்கார்ந்த பிறகு ஒரு சொல் வந்தது.

"பிப்ரவரியா?"

ஆமாம் என்று எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு நிலையம் கடந்தது. பிறகு இன்னொரு செய்தி.

"சென்னைல கெடைக்கற பூட்ஸ் இந்தப் பனிக்குத் தாங்காது ஆன்ட்டி. இங்கயே வாங்கி வச்சிடறேன். கால் அளவு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."